மடை மாறும் குருதி

(விழாவின் இரண்டாம் நாள், குடும்ப நல அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



முப்பத்து நான்கு ஆண்டுகள் வகுப்பறையில் தமிழ் கற்பித்தவன் மூளையின் குருதி நாளத்தைப் பற்றிப் பேச எழுந்திருக்கிறானே என்று தங்களுள் சிலர் வியக்கக்கூடும். அந்த வியப்பு நியாயமானதே. நான் மருத்துவன் அல்லன். என் தமக்கையாருக்கு இந்நோய் வந்தது. ஈராண்டுக் காலம் அவருடன் மருத்துவமனைக்கும் வீட்டுக்குமாக அலைந்தேன். அலைந்த காலத்தில் கைக்குக் கிடைத்த ஆய்வுரைகளை அகராதியின் துணையோடு படித்தேன். புரியாதவற்றை மருத்துவரிடம் கேட்டேன். என் தகுதி அவ்வளவே. இவ்வமர்வுக்குப் பொருள் தேடிய அறங்காவலர் ஒருவர், "ஐயா, நம் குடும்பங்களில் இன்னும் இரண்டு மூன்று பேருக்கு இதே ஸ்டென்டை வைத்திருக்கிறார்கள். வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தபின் உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான் ஒருவருக்கும் விளங்கவில்லை. அதைப் பேசுங்கள்" என்றார். ஆகவே மருத்துவமனையில் நடப்பதைச் சுருக்கியும், அதன்பின் நடப்பதை விரித்தும் சொல்ல எண்ணுகிறேன். செய்யுள் ஒன்றைச் சொல்லித் தொடங்குவது என் வழக்கம். எனக்கு ஒதுக்கிய நேரம் முப்பது நிமிடம் என்பதாலும், நான் செய்யுளில் இறங்கினால் ஏறமாட்டேன் என்பது என் பழைய மாணாக்கர் பலருக்குத் தெரியும் என்பதாலும் இன்று அதனை விட்டுவிடுகிறேன்.

நோயின் பெயரிலிருந்து தொடங்குவோம். மருத்துவர்கள் இதனை அனியூரிசம் என்பர். விரிதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழி வந்தது அது. தமிழில் நாளப் புடைப்பு எனலாம். கழுத்தின் வழியே மேலேறும் பெருந்தமனிகள் மூளையின் அடிப்பகுதியில் கிளை பிரிகின்றன. கிளை பிரியும் கவட்டில் குருதி இரவும் பகலும் வந்து மோதுகிறது. அவ்விடத்துச் சுவர் நைந்து போனால், பழைய சைக்கிள் டியூப் ஒருபுறம் புடைப்பதுபோலச் சிறு பை ஒன்று உண்டாகிறது. வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ மூவருக்கு இத்தகைய புடைப்பு இருப்பதாகக் கணித்திருக்கிறார்கள். அவர்களுள் பெரும்பாலோர் அது இருப்பதையே அறியாமல் வாழ்ந்து, வேறு காரணத்தால் முதுமையில் மறைகின்றனர். ஆண்களைவிடப் பெண்களுக்கு இது மிகுதி. புகைப்பழக்கமும், கவனியாது விட்ட இரத்த அழுத்தமும், குடும்ப மரபும் இதற்குத் துணை செய்கின்றன.

புடைப்பு வெடித்தால் நிலைமை வேறு. வாழ்நாளில் அதுவரை கண்டிராத தலைவலி, ஒரு நொடியில் இடி விழுந்தாற்போல வரும். கழுத்து விறைக்கும், வாந்தி வரும், நினைவு தவறும். அப்போது தைலம் தேடிக்கொண்டிராமல் 108 வண்டியை அழைத்துவிட வேண்டும். இன்று நான் பேசவிருப்பது வெடிக்காத புடைப்பைப் பற்றியது. வேறு எதற்கோ எடுத்த ஸ்கேனில் தற்செயலாகத் தெரிவதும் உண்டு. அருகிலுள்ள நரம்பை அழுத்தித் தன்னை அறிவிப்பதும் உண்டு. கண்டவுடன் எல்லாப் புடைப்புக்கும் சிகிச்சை வேண்டுமா எனின், வேண்டா. அளவு, இடம், வடிவம், நோயாளியின் வயது ஆகியவற்றைச் சீர்தூக்கி, பார்த்துக்கொண்டிருப்பதே நன்று என்று முடிவு செய்யப்படுவோர் பலர்.

மூளையின் நாளங்களை உயிருள்ளபோதே படம் பிடிக்கும் முறையை 1927ஆம் ஆண்டு லிஸ்பன் நகரில் எகாஸ் மோனிஸ் கண்டறிந்தார். 1937இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வால்டர் டாண்டி மண்டையோட்டைத் திறந்து, புடைப்பின் கழுத்தில் வெள்ளிக் கவ்வி ஒன்றை இட்டு அடைத்தார். அரை நூற்றாண்டுக்கு மேல் அதுவே வழி. 1990ஆம் ஆண்டு குகுலியெல்மி என்னும் இத்தாலியர் கலிஃபோர்னியாவில் மண்டையைத் திறவாமல், தொடையின் நாளம் வழியே நுண்குழாயைச் செலுத்தி, பிளாட்டினக் கம்பிச் சுருளைப் புடைப்பினுள் நிரப்பும் முறையைக் கையாண்டார். அம்முறை இன்றும் பல்லாயிரவரைக் காக்கிறது. எனினும் வாய் அகன்ற பெரும் புடைப்புகளில் சுருள் நிலைகொள்ளாது. நிரப்பியவற்றுள்ளும் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நாளடைவில் மீண்டும் திறந்துகொள்கிறது. இக்குறையை நீக்கும் பொருட்டே, பையை நிரப்புவதை விட்டுவிட்டு, பைக்குள் செல்லும் ஓட்டத்தையே திருப்பிவிடலாம் என்னும் எண்ணம் தோன்றியது. அர்ஜென்டினாவின் புவனோஸ் ஐரிஸ் நகரில் பெட்ரோ லிலிக் குழுவினர் இதனைத் தொடக்கக் காலத்தில் செய்து 2009இல் தம் பட்டறிவை வெளியிட்டனர். அமெரிக்க அரசு 2011 ஏப்ரலில் முதன்முதலாக இத்தகைய ஸ்டென்ட் ஒன்றிற்கு ஒப்புதல் அளித்தது. பைப்லைன் என்பது அதன் வணிகப் பெயர். இப்போது பல நிறுவனங்கள் செய்கின்றன.

ஓட்டத்தைத் திருப்பும் ஸ்டென்ட் என்று மருத்துவர் சொன்னபோது என் மனத்தில் உடனே எழுந்த தமிழ்ச்சொல் மடைமாற்று என்பது. நம்மில் பெரும்பாலோர் ஏரிப்பாசன ஊர்களில் பிறந்தவர்கள். ஆதலால் அந்தச் சொல்லைக் கொண்டே விளக்குகிறேன். வாய்க்காலின் கரையில் ஓரிடம் அரித்து, பக்கவாட்டில் பள்ளம் விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடிவரும் நீர் அதில் புகுந்து சுழித்து வெளியேறுகிறது. சுழிக்கச் சுழிக்கப் பள்ளம் பெருகுகிறது. என்றாவது ஒருநாள் கரை உடையும். பள்ளத்தில் கல்லையும் மண்ணையும் கொட்டி நிரப்புவது ஒரு வழி. கம்பிச் சுருள் அந்த வகை. மற்றொரு வழியும் உண்டு. பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டு, வாய்க்காலின் போக்கிலேயே, கரை இருந்திருக்க வேண்டிய கோட்டில், நெருக்கமாக முடைந்த மூங்கில் தட்டியை நட்டுவிடுவது. நீர் நேரே போய்விடும். தட்டியின் இடுக்குகளில் புகும் நீர் பள்ளத்தில் வேகமிழந்து தேங்கும். தேங்கிய நீரில் வண்டல் படியும். ஒரு பருவம் கழிந்து பார்த்தால் பள்ளம் தூர்ந்திருக்கும். தட்டியின்மேல் இருகரைப் புல்லும் படர்ந்து ஒன்றாயிருக்கும்.

அந்தத் தட்டிதான் இந்த ஸ்டென்ட். பைப்லைனில் 48 உலோக இழைகளைக் குழாய் வடிவில் பின்னியிருக்கிறார்கள். ஒவ்வோர் இழையும் தலைமுடியின் பாதிப் பருமனளவே இருக்கும். விரிந்த நிலையில் அதன் பரப்பில் நூற்றுக்கு 30 முதல் 35 பங்கு உலோகம், எஞ்சியது இடுக்கு. நாளம் சுருங்காமல் தாங்குவதற்கென வைக்கும் வழக்கமான மூளை ஸ்டென்டில் உலோகம் நூற்றுக்குப் பத்துப் பங்கைத் தாண்டுவது அரிது. இடுக்கு குறைந்திருப்பதால் பைக்குள் பாயும் குருதி வேகமிழக்கிறது. அப்படியானால் அதே இடத்தில் கண்ணுக்கும் மூளைக்கும் பிரியும் நல்ல கிளை நாளங்களும் அடைபட்டுப் போகாவோ என்று நான் கேட்டேன். கிளை வாய்க்காலின் கடைசியில் வயல் இருக்கிறது. அது நீரை இழுக்கிறது. ஆகவே தட்டியின் இடுக்கு வழியே நீர் சென்றுகொண்டே இருக்கும். பள்ளத்துக்கு மறுமுனையில் வயல் இல்லை, அங்கே இழுப்பில்லை. மருத்துவரின் விடை இதுவே. வயலும் வாய்க்காலும் மட்டும் நான் சேர்த்தவை. பெரும்பாலான கிளைகள் இவ்வாறு திறந்தே இருக்கின்றன. சில வேளைகளில் ஒரு கிளை அடைபடுவதும் உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

இனி இவ்வுரையின் நடுப்பொருளுக்கு வருகிறேன். ஸ்டென்ட் வைத்த அன்று புடைப்பு ஆறிவிடுவதில்லை. அன்று ஆறத் தொடங்குகிறது. இந்த ஒரு வேறுபாட்டை விளங்கிக்கொள்ளாமையால் குடும்பங்களில் எழும் அச்சமும், அதனினும் கொடிய அசட்டையும் எத்தனை என்பதை நேரில் கண்டவன் நான்.

ஆறுதல் படிப்படியாக நிகழ்கிறது. முதற்படி சில நிமிடங்களிலேயே தெரியும். நாளத்தில் செலுத்தும் சாயம் முன்னர்ப் பைக்குள் புகுந்து உடனே வெளியேறியது. இப்போது உள்ளே தயங்கி நிற்கும். படத்தில் அந்தத் தேக்கத்தைக் கண்டாலே மருத்துவர் முகம் மலரும். இரண்டாம்படி நாள்கள், வாரங்கள், மாதங்களாக நீள்வது. தேங்கிய குருதி பைக்குள் உறைகிறது. உறைவுக்குள் உயிரணுக்கள் புகுந்து அதனை மெல்ல நார்த்திசுவாக மாற்றுகின்றன. மூன்றாம்படியே உண்மையான ஆறுதல். ஸ்டென்டின் இரு முனைகளிலும் நாளத்தின் நல்ல சுவர் இருக்கிறதன்றோ, அங்கிருந்து தசையணுக்களும் உட்படல அணுக்களும் இழைகளின்மேல் ஊர்ந்து வளர்ந்து, புடைப்பின் வாயைக் குறுக்கே மூடுகின்றன. புதிய உட்சுவர் ஒன்று எழுந்துவிடுகிறது. பின்னர் உள்ளிருக்கும் உறைவு கரைந்து, பை சுருங்கி, பெரும்பாலும் மறைந்தே போகிறது.

இந்த உட்சுவர் எங்கிருந்து வருகிறது என்பது நெடுங்காலம் ஐயத்துக்கு இடமாயிருந்தது. குருதியில் மிதந்து வரும் அணுக்கள் ஒட்டி வளர்கின்றனவா, அருகிலுள்ள சுவரிலிருந்து படர்கின்றனவா? அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையினர் 2014இல் வெளியிட்ட ஆய்வு, அருகிலுள்ள சுவரிலிருந்துதான் என்று காட்டியது. ஸ்டென்ட் நாளத்தின் சுவரோடு நன்கு ஒட்டியிராத இடத்தில் அப்படர்தல் நிகழாமல் வாய் திறந்தே கிடப்பதையும் கண்டனர். அந்த ஆய்வுரையின் முதலாசிரியர் பெயர் கதிர்வேல் என்றிருக்கக் கண்டு, தமிழாசிரியன் ஆகையால், சற்றே மகிழ்ந்தேன். அடுத்த பத்தியைப் படித்தபோது அம்மகிழ்ச்சி அடங்கிற்று. முயல்களின் நாளத்தில் செயற்கையாகப் புடைப்பை உண்டாக்கிச் செய்த ஆய்வு அது. நாம் பெறும் இவ்வறிவு எவ்வுயிர்களின் விலையில் வந்தது என்பதை இந்த அவையில் மறைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டேன், அவரவர் மனம் அதனை அவரவர் வகையில் தாங்கிக்கொள்ளட்டும்.

எவ்வளவு காலத்தில் ஆறும்? ஒப்புதலுக்கு அடிப்படையாய் அமைந்த பெரிய ஆய்வில் 108 பேர் சேர்க்கப்பட்டனர். பத்து மில்லிமீட்டரும் அதற்கு மேலுமான, வாய் அகன்ற, கடினமான புடைப்புகள் அவர்களுக்கு. மீண்டும் படம் எடுத்துப் பார்த்தவர்களுள், முற்றிலும் மூடிய புடைப்புகள் ஓராண்டில் நூற்றுக்கு 86.8, மூன்றாண்டில் 93.4, ஐந்தாண்டில் 95.2. ஒருமுறை முற்றும் மூடியது மீண்டும் திறக்கவில்லை. எண் ஆண்டுதோறும் ஏறிக்கொண்டே போவதைக் கவனியுங்கள். புதிதாக ஒருவரும் எதுவும் செய்யவில்லை. உடல் தானே தன் வேலையைத் தொடர்ந்து செய்திருக்கிறது. அதே ஆய்வில், முதல் ஆறு மாதத்தில் பெரும் பக்கவாதமோ நரம்பியல் காரணத்தால் மரணமோ நேர்ந்தவர்கள் நூற்றுக்கு 5.6 என்னும் எண்ணும் இருக்கிறது. சிகிச்சைக்கு ஒப்பமிடும் முன்னர் இரண்டு எண்ணையும் ஒருசேரக் கேட்டறிதல் குடும்பத்தாரின் உரிமை.

பை மிகப் பெரிதாயின் ஆறத் தாமதமாகும். முதுமையில் தாமதமாகும். பையிலிருந்தே ஒரு கிளை நாளம் புறப்படுமாயின், அக்கிளையின் இழுப்பு பைக்குள் ஓட்டத்தை உயிரோடு வைத்திருப்பதால், பல ஆண்டு மூடாமல் நிற்பதும் உண்டு.

என் தமக்கையாருக்கு அப்போது அகவை 64. வந்தவாசியை அடுத்த சிற்றூர். ஒருநாள் காலை வாசலில் கோலமிடும்போது புள்ளிகள் இரட்டையாகத் தெரிகின்றன என்றார். இடப்புறம் பார்த்தால் இரட்டிப்பு மிகும். கண் மருத்துவர் உடனே மூளைப் படம் எடுக்கச் சொன்னார். இடக் கண்ணை வெளிப்புறமாக அசைக்கும் நரம்பை ஒட்டி, 16 மில்லிமீட்டர் புடைப்பு. சென்னையில் சிகிச்சை. ஸ்டென்டின் விலையே பல இலட்சம்; அதை எவ்வாறு திரட்டினோம் என்பது தனிக் கதை, இங்கு வேண்டா. தொடை நாளத்தின் வழியே செய்தார்கள். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார். மண்டையில் தையல் இல்லை, முடி மழிக்கவில்லை. பார்க்க வந்த உறவினர் பாதிப் பேருக்குச் சிகிச்சை நடந்தது என்பதிலேயே நம்பிக்கையில்லை.

முதல் மாதத்தில் இடக்கண்ணின் பின்னே வலி மிகுந்தது. இரட்டைப் பார்வையும் சற்றே கூடிற்று. பைக்குள் உறையும் குருதியால் அது முதலில் சிறிது வீங்கக்கூடும். சுற்றிலும் அழற்சி உண்டாகும். அதனால் வலி கூடிப் பின் குறையும் என்று மருத்துவர் முன்னரே எச்சரித்திருந்தார். இருந்தும் அவரை நேரில் போய்ப் பார்த்தோம்; சில நாளுக்கு ஸ்டீராய்டு கொடுத்தார்; தணிந்தது. இதை ஏன் விரித்துச் சொல்கிறேன் எனில், எல்லா வலியும் இவ்வாறு தணிவது அன்று. மிகப் பெரிய புடைப்புகளில், அரிதாக, ஸ்டென்ட் வைத்தபின் அது மூடுமுன்னரே வெடித்ததும் உண்டு. ஆகவே வலியைப் பொறுத்துக்கொண்டு வீட்டிலிருந்து, இது எதிர்பார்த்ததுதான் என்று நாமே தீர்ப்பு எழுதிவிடக் கூடாது. திடீரென்று வந்த கடுந்தலைவலி, கைகால் தளர்ச்சி, வாய் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் நள்ளிரவாயினும் புறப்பட வேண்டும்.

ஆறாம் மாதம் படம் எடுத்தார்கள். புடைப்பில் இன்னும் பெரும்பகுதி நிறைகிறது என்று சீட்டில் எழுதியிருந்தது. வீட்டில் இழவு விழுந்தாற்போல் அமைதி. "இத்தனை இலட்சம் கொட்டியும் வீணாயிற்றே" என்று ஒரு மாமன் வாய்விட்டே சொன்னார். தமக்கையார் ஒன்றும் சொல்லவில்லை; இரவெல்லாம் உறங்கவுமில்லை. மறுநாள் மருத்துவர் படத்தைக் காட்டி விளக்கினார். இத்தகைய ஆறுதலை மதிப்பிட ஓகெல்லி, மரோட்டா என்போர் பெயரால் ஓர் அளவுகோல் உண்டு. ஏ என்றால் பை முழுதும் நிறைகிறது. பி என்றால் பெரும்பகுதி. சி என்றால் வாயருகே மட்டும் எச்சம். டி என்றால் ஒன்றுமே நிறையவில்லை. தமக்கையார் ஏயிலிருந்து பிக்கு வந்திருக்கிறார், சாயம் முன்னைவிட நெடுநேரம் உள்ளே தேங்குகிறது, உறைதல் நடக்கிறது, காத்திருப்போம் என்றார். மதிப்பெண் போட்டே முடி நரைத்த எனக்கு, ஏயைவிட டி மேலானது என்பதை ஏற்க இரண்டு நாள் ஆயிற்று. பன்னிரண்டாம் மாதம் சி வந்தது. ஈராண்டு நிறைந்தபின் எடுத்த படத்தில் டி. இரட்டைப் பார்வை பெரிதும் நீங்கியது. இடப்பக்கக் கடைக்கோடியைப் பார்க்கும்போது இன்றும் அவருக்குச் சிறிது இரட்டிக்கிறது. நெடுநாள் அழுத்துண்ட நரம்பு முழுதும் மீளவில்லை.

அந்த ஈராண்டில் உண்மையான போர் மாத்திரையோடுதான் நடந்தது. பையினுள் குருதி உறைய வேண்டும். ஸ்டென்டின்மேல் உறையக் கூடாது. ஒரே குருதியிடம் நாம் இரண்டையும் கேட்கிறோம். வெற்று உலோகம் நாளத்துக்குள் கிடக்கும்வரை, அதன்மேல் தட்டணுக்கள் திரண்டு அடைத்தால் பக்கவாதம். உட்சுவர் படர்ந்து உலோகத்தை மூடும்வரை அதைத் தடுப்பவை ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெல்லும் போன்ற இரண்டு மருந்துகள். சிகிச்சைக்குச் சில நாள் முன்பே தொடங்குவர். இரண்டாவது மருந்தைப் பல மாதம் தொடர்வர். ஆஸ்பிரினை அதற்கு மேலும், சிலருக்கு வாழ்நாள் முழுதும். எப்போது நிறுத்துவது என்பதைப் படம் பார்த்து மருத்துவர் சொல்வார். குருதி உறையாமல் தடுக்கும் இம்மருந்துகள் தேவைப்படுவதனாலேயே, வெடித்த புடைப்பில் இந்த ஸ்டென்டை முதல் வழியாகப் பெரும்பாலும் கொள்வதில்லை.

குளோபிடோக்ரெல் ஈரலில் மாற்றம் பெற்றால்தான் வேலை செய்யும். பிறப்பிலேயே அம்மாற்றத்தைச் செவ்வனே செய்யாத ஈரலுடையோர் தெற்காசியரில் கணிசமாக உண்டு. தட்டணுக்கள் எவ்வளவு அடங்கியுள்ளன என்று குருதியைச் சோதித்து, அடங்காவிடில் பிராசுக்ரெல் அல்லது டிகாக்ரெலார் என்று மாற்றிக் கொடுப்பர். அச்சோதனையைப் பற்றிக் கேளுங்கள், கேட்பதில் தவறில்லை. தமக்கையாருக்கு நெஞ்செரிச்சல் வந்தபோது ஊரிலுள்ள மருந்துக்கடையில் ஒமிப்ரசோல் கொடுத்துவிட்டார்கள். அது வயிற்றுக்கு நல்ல மருந்தே. ஆயின் குளோபிடோக்ரெல் மாற்றம் பெறுவதை ஈரலில் தடுப்பது. மருத்துவர் அறிந்ததும் அதை நிறுத்திப் பான்டோபிரசோல் எழுதிக் கொடுத்தார். நான்காம் மாதம் கடைவாய்ப்பல் வலி. பல் மருத்துவர் ஒருவர் இரண்டு மாத்திரையையும் ஐந்து நாள் நிறுத்திவிட்டு வாருங்கள், பிடுங்கிவிடலாம் என்றார். சென்னைக்குத் தொலைபேசினோம். மருத்துவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான். "ஒரு பல்லுக்காக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது" என்றார். மாத்திரையை நிறுத்தாமலே வேர்ச்சிகிச்சை செய்து வலியை ஆற்றினார்கள். பல் இன்னும் அவர் வாயில் இருக்கிறது. ஸ்டென்ட் உள்ளவர், எந்த மருத்துவரிடம் போனாலும், மருத்துவமனை தந்த அட்டையைக் கையோடு கொண்டுபோதல் வேண்டும். எம்ஆர்ஐ எடுக்கும்போதும் அதனைக் காட்டினால்தான் எந்த வகை உலோகம் என்று பார்த்து எடுப்பர்.

இதனினும் பெரிய இடர் நம் குடும்பங்களுக்கே உரியது. ஐந்தாம் மாதம் தமக்கையாரின் பேத்தி, கல்லூரியில் மருந்தியல் படிப்பவள், பாட்டியின் மருந்தைப் பார்த்தாள். ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெல்லையும் ஒன்றாய் அடைத்த கேப்சூல். "பாட்டி, இந்தக் கூடு ஜெலட்டின், மாட்டு எலும்பிலோ தோலிலோ எடுப்பது" என்று சொல்லிவிட்டாள். தமக்கையார் அன்று முதல் அதைத் தொடவில்லை. எவரிடமும் சொல்லவுமில்லை. ஒருநாள் கடந்து, மறுநாள் மாலை, மாத்திரை அட்டையில் கணக்கு இடிக்கிறதே என்று நான் கேட்டபோதுதான் தெரிந்தது. "உயிருக்கு அஞ்சி இதை விழுங்கச் சொல்கிறாயா தம்பி?" என்றார். வாழ்நாளெல்லாம் முட்டை கலந்த பிஸ்கட்டைக்கூடத் தொடாதவரிடம் நான் என்ன சொல்ல? அவரோடு வாதிடவில்லை. அவர் முன்னிலையிலேயே மருத்துவருக்குத் தொலைபேசி செய்தியைச் சொன்னேன். அவர் சிரிக்கவுமில்லை, சினக்கவுமில்லை. "இரண்டும் தனித்தனி மாத்திரையாகவே கிடைக்கின்றன அம்மா. கூடு இல்லை. முதலிலேயே சொல்லியிருந்தால் அப்படியே எழுதியிருப்பேன். இப்போதே வாங்கிப் போடுங்கள்" என்றார். கடைக்கு ஓடினேன். ஒன்றரை நாள் இடைவெளி. ஊறு ஒன்றும் நேரவில்லை. நேர்ந்திருக்கலாம்.

ஆகவே தாய்மார்களுக்கு நான் விடுக்கும் வேண்டுகோள் இது. நம் நெறி எதுவோ அதைச் சிகிச்சைக்கு முன்பே மருத்துவரிடம் வெளிப்படச் சொல்லுங்கள். கேப்சூல் வேண்டா, மாத்திரை வேண்டும் எனலாம். பொழுது சாய்ந்தபின் உட்கொள்வதில்லை எனலாம். குளோபிடோக்ரெல் நாளுக்கு ஒருமுறை, பகலிலேயே கொள்ளலாம். டிகாக்ரெலார் நாளுக்கு இருமுறை. ஏறத்தாழப் பன்னிரண்டு மணி இடைவெளி வேண்டும். அதைக் காலை ஆறு, மாலை ஆறு என்று வகுத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டால் அவர் சொல்வார். நோன்பு நாள்களில் மருந்தைத் தாமே விட்டுவிடுதலும், நீரும் பருகாமல் உடல் வற்றவிடுதலும், உட்சுவர் படராத அந்த மாதங்களில் பேரிடர் தரும். நோன்பு இருப்பதா, எவ்வகையில் இருப்பது என்று அறிந்த பெரியோரையும் மருத்துவரையும் சேர்த்தே கேளுங்கள். ஒருவரிடம் மட்டும் கேட்டு மற்றவரிடம் மறைப்பதால்தான் தீங்கு வருகிறது.

உரை முடிந்தபின் அவையிலிருந்து இரண்டு வினாக்கள் வந்தன. அச்சுக்காக அவற்றையும் இங்கே சேர்க்கிறேன்.

அம்மையார் ஒருவர், தமக்கு இருந்தால் பிள்ளைகளுக்கும் வருமா என்று கேட்டார். பெரும்பாலும் வருவதில்லை. பெற்றோர், உடன்பிறந்தோர், மக்கள் என்னும் நெருங்கிய உறவில் இருவருக்கோ அதற்கு மேற்பட்டோருக்கோ இருந்தால், மற்றவர்களும் படம் எடுத்துப் பார்ப்பதைப் பற்றி மருத்துவரிடம் பேசலாம். எங்கள் குடும்பத்தில் தமக்கையார் ஒருவரே. நானும் தங்கையும் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக்கொள்வதோடு நிறுத்திக்கொண்டோம்.

பின்வரிசையிலிருந்து ஓர் இளைஞர், புடைப்பு முற்றும் ஆறியபின் அந்த ஸ்டென்டை எப்போது வெளியே எடுப்பார்கள் என்று கேட்டார். எடுப்பதில்லை தம்பி. அதற்குள் அது நாளத்தின் சுவருக்குள் புதைந்துவிட்டிருக்கும். அதன்மேல் ஓடும் குருதி தொடுவது உலோகத்தை அன்று, அவரவர் உடல் வளர்த்த படலத்தை.